கத்தோலிக்க இல்லங்களில் பக்திப் படங்கள்: ஓசூர் – கிருஷ்ணகிரி வட்டாரம்

இயேசு, மாதா, புனிதர்கள் ஆகியோரின் ஓவியங்களை அச்சிட்டு, சட்டமிட்டு, வீட்டுச் சுவரிலோ வீட்டுப் பீடத்திலோ வைத்து அவற்றின் முன் ஜெபிப்பது கத்தோலிக்கக் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். இப்படங்களைப் பக்திப் படங்கள் என்கிறோம். இவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஓர் ஓவியர், ஒரு காரணத்தோடு வரைந்த மூல ஓவியங்களின் நகல்கள். நகலின் நகல் என்று பலமுறை அச்சாகி நம் வீட்டுக்கு வரும்போது ஓவியத்தில் இருந்த பொருள் பாதி உதிர்ந்துபோகிறது. நல்ல அச்சைத் தேடுவது அழகுக்காக மட்டும் அல்ல. ஓவியர் சொல்ல வந்தது வீட்டுக்கு முழுதாக வந்து சேர வேண்டும் என்பதற்காகவும்தான்.

ஓசூர் வட்டாரத்துச் சுவர்கள்

கிருஷ்ணகிரி மாவட்டம் தருமபுரி மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. இம்மறைமாவட்டம் 1997-இல் சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. மத்திகிரி, எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் இங்கே உண்டு. 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் பெருகின. வேலைக்காகத் தென்மாவட்டங்களிலிருந்தும் காவிரிப் படுகையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கத்தோலிக்கர்கள் வந்து குடியேறினார்கள். வரும்போது பெட்டியில் ஒரு படமும் வந்தது.

அதனால் இங்கே ஒரு வீட்டுச் சுவரைப் பார்த்தே அந்தக் குடும்பம் வந்த வழியைச் சொல்லிவிடலாம். பனிமய மாதா படம் இருந்தால் தூத்துக்குடிப் பக்கம். புளியம்பட்டி அந்தோனியார் இருந்தால் நெல்லைச் சீமை. கோட்டாறு சவேரியார் என்றால் நாஞ்சில் நாடு. பூண்டி மாதா அல்லது ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா என்றால் தஞ்சை, அரியலூர்ப் பக்கம். வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா மட்டும் எல்லோருக்கும் பொது. சுமார் 40 கி.மீ. தொலைவில் பெங்களூரு இருப்பதால் விவேக்நகர் குழந்தை இயேசுவும் சிவாஜிநகர் ஆரோக்கிய மாதாவும் இந்த வரிசையில் சேர்ந்துகொள்கிறார்கள். அடியில் கன்னடம் எழுதிய படமும் தமிழ் எழுதிய படமும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குவது எல்லை ஊருக்கே உரிய காட்சி.

இத்தனைக்கும் நடுவில், வாசலைப் பார்த்தபடி, திரு இருதய ஆண்டவர். அவருக்குக் கீழே சின்னச் சிவப்பு விளக்கு. இதற்கு ஒரு வரலாறு உண்டு. பிரான்சின் பரே-லெ-மோனியால் மடத்தில் 1673 முதல் 1675 வரை புனித மார்கரீத் மரியா கண்ட காட்சிகளிலிருந்து திரு இருதய பக்தி பரவியது. திரு இருதயப் படத்தை வைத்து வணங்கும் வீடுகளை ஆண்டவர் ஆசீர்வதிப்பார் என்பது அந்தப் பக்தியோடு வழங்கும் வாக்குறுதிகளுள் ஒன்று. பெரு நாட்டைச் சேர்ந்த மத்தேயோ க்ராலி-போவி என்ற குரு 1907-இல் இதை ஒரு வீட்டுச் சடங்காக ஆக்கினார். பங்குத்தந்தை வந்து படத்தை மந்திரித்து, குடும்பம் கூடி அதை முதன்மையான இடத்தில் நிறுவி, வீட்டை ஆண்டவருக்கு அர்ப்பணிக்கும் வழக்கம் அங்கிருந்து வந்தது. திரு இருதயத்தின் மாதமான ஜூனில் இது இன்றும் நடக்கிறது.

படத்தை வணங்குவது பற்றித் திருச்சபை

பிற சமயத்து நண்பர்களும் பிற சபைக் கிறிஸ்தவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம், படத்துக்குச் செலுத்தும் மரியாதை அதில் தீட்டப்பட்டவருக்கே போய்ச் சேர்கிறது என்று விளக்கியது. 1563-இல் திரெந்து சங்கமும் அதையே உறுதிசெய்தது. படத்துக்குள் தெய்வத்தன்மை இருப்பதாக நினைத்து அதன்மீது நம்பிக்கை வைக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. ‘இந்தப் படம் ராசியானது’ என்ற பேச்சுக்கு இங்கே இடம் இல்லை.

படங்கள் வந்த வழி

அச்சிட்ட கிறிஸ்தவப் படங்கள் இந்தியாவுக்குப் புதியவை அல்ல. 1580-இல் அக்பரின் பத்தேப்பூர் சிக்ரி அரசவைக்கு வந்த இயேசு சபையினர், ஆன்ட்வெர்ப் நகரில் அச்சான பன்மொழி விவிலியத்தைப் பரிசாகக் கொண்டுவந்தனர். ஐரோப்பிய அச்சுப் படங்களைப் பார்த்து மொகலாய ஓவியர்கள் மாதாவையும் தேவதூதர்களையும் தம் பாணியில் தீட்டினார்கள். அவை அரண்மனைக்குள் நின்றுவிட்ட படங்கள்.

சாதாரண வீட்டுக்குப் படம் வந்து சேர்ந்தது 19-ஆம் நூற்றாண்டில். 1790-களின் இறுதியில் செனெஃபெல்டர் கல் அச்சைக் கண்டுபிடித்தார். பிறகு நிறத்துக்கு ஒரு கல் என்று பல கற்களில் அச்சிடும் வண்ணக் கல்லச்சு வந்தது. பாரிசில் செயின்ட்-சுல்பீஸ் ஆலயத்தைச் சுற்றியிருந்த கடைத்தெருவிலிருந்து படங்களும் சுரூபங்களும் உலகெங்கும் மறைபரப்புத் தளங்களுக்குப் போயின. நம் பகுதியில் பணியாற்றியவர்களும் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையினரே. 1930-இல் சேலம் மறைமாவட்டத்தின் முதல் ஆயரான பிரூனியே அந்தச் சபையைச் சேர்ந்தவர். நம் பாட்டிமார் வீட்டு மாதா வெளிர்நீல உடையில் ஒரு பிரெஞ்சுப் பெண்ணைப் போல இருந்ததன் காரணம் இதுதான்.

இந்தியாவில் 1894-இல் பம்பாயில் தொடங்கிய இரவிவர்மா அச்சகம் இந்துத் தெய்வப் படங்களை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. தமிழ்நாட்டில் அந்த இடத்தைச் சிவகாசி பிடித்தது. கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் தீட்டிய படங்கள் சிவகாசியில் காலண்டர்களாயின. முருகனும் மாதாவும் மெக்காவும் ஒரே இயந்திரத்தில், ஒரே மையில் அச்சாகும் ஊர் அது. ஆண்டு முடிந்ததும் தேதித் தாளைக் கழற்றிவிட்டுப் படத்துக்கு மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்ட குடும்பங்கள் எத்தனையோ. அதை ஏளனமாகப் பேசுகிறவர்கள் உண்டு, நான் பேசமாட்டேன். கையில் காசில்லாத வீட்டுக்கும் மாதா வந்தது அப்படித்தான்.

மூலத்தில் இருப்பதும் நகலில் விடுபடுவதும்

திரு இருதயப் படங்களில் பலவற்றுக்கு மூதாதை, பொம்பேயோ பத்தோனி என்ற இத்தாலிய ஓவியர் 1760-களில் செப்புத் தகட்டின்மேல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய படம். அது உரோமையில் இயேசு சபையினரின் ஜேசு ஆலயத்தில் இருக்கிறது. அதில் இயேசு தம் இருதயத்தைக் கையில் ஏந்தி, பார்ப்பவரிடம் நீட்டுகிறார். அதைச் சுற்றி முள்முடி; மேலே நெருப்பும் சிலுவையும்; பக்கத்தில் ஈட்டி பட்ட காயம். பின்னால் வந்த படங்களில் இருதயம் மார்பில் அமர்ந்துகொண்டது. கை அதைச் சுட்டிக்காட்டுகிறது. மலிவு அச்சில் காயமும் முள்ளும் சிவப்பு மையில் கரைந்து, வெறும் சிவப்பு வடிவம் ஒன்றுதான் மிஞ்சுகிறது. காயம் தெரியாத திரு இருதயப் படம் தன் செய்தியில் முக்காலை இழந்துவிட்டது என்பேன்.

இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இடைவிடா சகாய மாதா படம். மூலம், பலகையில் தீட்டிய கிரேக்க மரபுத் திருவோவியம். சுமார் 54 செ.மீ. உயரம்தான். 1866-இல் ஒன்பதாம் பத்திநாதர் அதை இரட்சகர் சபையினரிடம் ஒப்படைத்தார். இன்றும் உரோமையின் புனித அல்போன்ஸ் ஆலயத்தில் அது இருக்கிறது. புதன்கிழமை நவநாளுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அறிந்த படம். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. மேல் மூலைகளில் இரண்டு சம்மனசுகள். பார்ப்பவருக்கு இடப்பக்கம் மிக்கேல் ஈட்டியும் கடற்பஞ்சும் ஏந்தியிருக்கிறார். வலப்பக்கம் கபிரியேல் சிலுவையும் ஆணிகளும் ஏந்தியிருக்கிறார். குழந்தை இயேசு தலையைத் திருப்பிச் சிலுவையைப் பார்த்துவிட்டது. பயந்து ஓடிவந்து தாயின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டது. ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு கழன்று வாரில் தொங்குகிறது. தாயோ பிள்ளையைப் பார்க்காமல் நம்மைப் பார்க்கிறாள்.

சட்டத்துக்குள் அடக்குவதற்காகக் கடைக்காரர் மேலே இரண்டு அங்குலமும் கீழே இரண்டு அங்குலமும் வெட்டினால் சம்மனசுகளும் செருப்பும் போய்விடும். குழந்தை ஏன் அம்மா கையைப் பிடித்திருக்கிறது என்பதற்கான விடையே படத்தில் இருக்காது. அந்த வீட்டில் வளரும் பிள்ளைக்கு அது ‘ஒரு மாதா படம்’ என்ற அளவில் நின்றுவிடும்.

சாப்பாட்டு அறைகளில் தொங்கும் இறுதி இராவுணவு, லியொனார்டோ டா வின்சி 1495-க்கும் 1498-க்கும் இடையில் மிலான் நகரத் துறவியர் மடத்தின் உணவறைச் சுவரில் தீட்டியது. உணவறைக்காகவே வரையப்பட்ட படம் என்பதால் நம் சாப்பாட்டு மேசைக்கு மேலே அதை மாட்டுவது முற்றிலும் பொருத்தம். மூலத்தின் அளவு சுமார் 460 x 880 செ.மீ. உலர்ந்த சுவரில் வரைந்ததால் ஓவியர் உயிரோடிருக்கும்போதே வண்ணம் உதிரத் தொடங்கியது. 1652-இல் சுவரில் வாசல் ஒன்றை வெட்டியதில் இயேசுவின் பாதங்கள் போயின. உங்கள் வீட்டுப் படத்தில் மேசைக்கு அடியில் அவருடைய பாதங்கள் தெரிகின்றனவா? தெரிந்தால் அது மூலத்தின் அச்சு அல்ல. ஏதேனும் ஒரு பிரதியைப் பார்த்துச் செய்தது. அதில் தவறில்லை, வாசல் வெட்டுவதற்கு முன்னரே நல்ல பிரதிகள் எடுக்கப்பட்டிருந்தன. இன்னொரு சோதனை: இயேசுவுக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கும் யோவான் பார்ப்பவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால் படம் இடவலமாகத் திரும்பி அச்சாகிவிட்டது. படம் காட்டும் கணம், தம் சீடருள் ஒருவன் தம்மைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு சொன்ன கணம். மேசை முழுவதும் கைகள் அலைபாய்வது அதனால்தான்.

அலகையை மிதித்து நிற்கும் மிக்கேல் சம்மனசு படம் கிராமத்து வீடுகளில் அதிகம். அதன் மூலம் 1630-களில் குய்தோ ரேனி வரைந்து, உரோமையின் கப்புச்சின் ஆலயத்தில் இருக்கிறது. இறை இரக்க ஆண்டவர் படத்துக்கு மூலங்கள் இரண்டு: புனித பவுஸ்தீனா உடனிருந்து சொல்ல, 1934-இல் கசிமிரோவ்ஸ்கி வில்னியுசில் வரைந்தது ஒன்று, பின்னர் ஹிலா கிராக்கோவுக்காக வரைந்தது மற்றொன்று. வெளிறிய கதிர் தண்ணீரையும் சிவப்புக் கதிர் இரத்தத்தையும் குறிக்கின்றன. நம் கடைகளில் அந்த வெளிறிய கதிர் அடர்நீலமாக மாறி, நெற்றியில் கூடுதல் ஒளிவட்டமும் சேர்ந்துவிடுகிறது.

வேளாங்கண்ணி மாதா, விவேக்நகர் குழந்தை இயேசு, பாத்திமா மாதா ஆகியோரின் கதை வேறு. இவற்றுக்கு மூலம் ஓவியம் அல்ல, சுரூபம். இப்படங்கள் சுரூபத்தின் ஒளிப்படங்கள் அல்லது அதைப் பார்த்து வரைந்தவை. தெளிவான ஒளிப்படமே இவற்றுக்குச் சிறந்தது. பின்னால் அருவியும் ரோஜாத் தோட்டமும் ஒட்டவைத்தது அல்ல.

இந்தியச் சாயலில்

கோவாவைச் சேர்ந்த ஆஞ்செலோ ட ஃபொன்சேகா (1902–1967) மாதாவைச் சேலை உடுத்திய இந்தியப் பெண்ணாக வரைந்தார். அந்நாளில் சொந்த ஊர்க் கத்தோலிக்கர்கள் சிலரே அதை ஏற்கவில்லை. வியப்பு என்னவென்றால், சிவாஜிநகரிலும் வேளாங்கண்ணியிலும் மாதா சுரூபத்துக்குச் சேலை சாத்துவதை யாரும் குறை சொல்வதில்லை! ஓசூரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை, பெங்களூருக்கு வடக்கே சில்வேபுராவில் ஓவியர் ஜோதி சாஹி பல ஆண்டுகள் இந்திய மரபில் கிறிஸ்தவ ஓவியங்களைத் தீட்டினார். பெங்களூருவில் தமிழரான அருட்தந்தை அமலோர்பவதாஸ் 1967-இல் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்திலும் அவருடைய வேலைப்பாடுகள் உண்டு. பள்ளிச் சுற்றுலா என்றால் உயிரியல் பூங்காவோடு திரும்பிவிடுகிறோம். இங்கேயும் ஒரு நாள் மாணவர்களை அழைத்துச் செல்லலாம்.

இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள்வரை பதிப்புரிமை நீடிக்கும். ஃபொன்சேகாவின் படங்களுக்கு அது 2027 இறுதிவரை. பத்தோனி, குய்தோ ரேனி போன்ற பழைய ஓவியர்களுக்கு அந்தத் தடை இல்லை.

நல்ல அச்சைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக் காலண்டர் படத்தைப் பாருங்கள். நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு நிறங்களில் வரிசையான புள்ளிகள் தெரியும். இது ஆப்செட் அச்சு. பழைய வண்ணக் கல்லச்சில் புள்ளிகள் இப்படி வரிசையாக நிற்காது. ஒழுங்கற்று, கையால் இட்டவை போலிருக்கும். இன்றைய நிறமி மை இங்க்ஜெட் அச்சில் புள்ளிகள் மிக நுண்மையாக, தூவியதுபோல் இருக்கும். சாய மையைவிட நிறமி மை வெயிலை நெடுங்காலம் தாங்கும். கடையில் ‘கான்வாஸ் பிரிண்டா, பேப்பரா’ என்று மட்டும் கேட்காமல் எந்த மை என்றும் கேளுங்கள்.

அச்சுக்கு முன்னால் கோப்பு. ஏ3 அளவில் தெளிவாக அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில், சுமார் 3,500 x 4,960 படப்புள்ளிகள் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் நீளப் பக்கம் பெரும்பாலும் 1,600 புள்ளிகளைத் தாண்டாது. அதில் 5 அங்குலப் படம்தான் தெளிவாக வரும். அதைப் பெரிதாக்கினால் மாதாவின் கண் மங்கும். விக்கிமீடியா காமன்சிலும், 2017 முதல் தன் படங்களைக் கட்டணமின்றித் தரும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் தளத்திலும் பெரிய அளவுக் கோப்புகள் கிடைக்கின்றன. பதிவிறக்கி, பென் டிரைவில் எடுத்துப்போய், பெங்களூரு சுல்தான்பேட்டைப் பக்கமோ ஓசூரிலேயோ அச்சிட்டுக்கொள்ளலாம். ‘கலரைக் கொஞ்சம் தூக்கிவிடட்டுமா?’ என்று கடைக்காரர் கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சட்டத்துக்கு ஏற்பப் படத்தை வெட்டாமல், படத்துக்கு ஏற்பச் சட்டத்தைச் செய்யச் சொல்லுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்களும் இப்போது கடைக்கு வந்துவிட்டன. பளபளப்பாக இருக்கும். விரல்களை எண்ணிப் பாருங்கள். கையில் ஆணிக் காயம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாட்டுதல்

படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் மவுண்ட் அட்டை வேண்டும். இல்லையென்றால் மழைக்கால ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. அமிலம் இல்லாத அட்டை என்று கேட்டு வாங்குங்கள். பழைய படங்களின் ஓரம் பழுப்பேறுவது பின்னால் வைத்த மட்டமான அட்டையின் அமிலத்தால். பின்புறத்தைத் தாள் நாடாவால் அடைத்தால் இராமபாணப் பூச்சி நுழையாது. மழைச்சாரல் படும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம். வேறு வழி இல்லையென்றால் சட்டத்தின் கீழ் மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். மெழுகுதிரிக்கும் ஊதுபத்திக்கும் நேர் மேலே மாட்டினால் இரண்டே ஆண்டில் புகை படியும்.

அருங்காட்சியகங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் வரும்படி மாட்டுவார்கள். அது நின்று பார்ப்பவர்களுக்கு. தரையில் அமர்ந்து ஜெபமாலை சொல்லும் வீட்டில் இன்னும் ஒரு சாண் இறக்கலாம். சின்னப் பிள்ளைகளும் பார்ப்பார்கள். இறந்த பெரியவர்களின் மாலையிட்ட படத்தைப் புனிதர்களின் வரிசையில் வைப்பதில்லை. அதற்கு வேறு சுவர்.

ஓசூரில் பெரும்பாலோர் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். ஆணி அடிக்கக் கூடாது என்பது பல வீட்டுக்காரர்களின் முதல் நிபந்தனை. ஒட்டுக்கொக்கி தாங்கும் எடையைப் பார்த்து, கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்ட சிறு படம் மாட்டலாம். அல்லது அலமாரித் தட்டில் நிறுத்தலாம். ஒரே அறையில் பல சமயத்தவர் தங்கி, ஆளுக்கொரு ஷிப்டில் வேலைக்குப் போகும் விடுதிகளில் இருப்பவருக்குப் புத்தகம்போல மடியும் இரட்டைப் படம் ஏற்றது. திறந்தால் ஒரு பக்கம் திரு இருதயம், மறுபக்கம் மாதா. மூடினால் தலையணை அருகே அடங்கிவிடும். சுவர் நிறையப் படம் மாட்டுவதைவிட, நல்ல படம் இரண்டு போதும் என்பது என் கருத்து. குருத்து ஞாயிறு அன்று கொண்டுவந்த குருத்தோலைச் சிலுவையை அவற்றின் பின்னால் செருகி, அடுத்த ஆண்டு சாம்பல் புதனுக்கு முன் கோவிலில் கொடுத்துவிடலாம்.

பழைய படங்கள்

மந்திரித்த படம் கெட்டுப்போனால் குப்பையில் போடக் கூடாது. எரித்துச் சாம்பலை மண்ணில் புதைப்பது மரபு. கண்ணாடியையும் சட்டத்தையும் தனியே கழற்றிக்கொள்ளுங்கள். கோவில் சுவரோரம் படங்களைச் சாய்த்துவைத்துவிட்டுப் போவதால் பங்குத்தந்தைக்குத்தான் வேலை.

ஆனால் எரிக்கும் முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். எல்.ஈ.டி. விளக்கு வைத்த புதுப்படம் வந்ததும், பாட்டி காலத்து மங்கிய படம் பழைய பொருள் வாங்குபவரிடம் போய்விடுகிறது. ஒழுங்கற்ற புள்ளிகளும், ஓரத்தில் பிரெஞ்சு அல்லது ஜெர்மன் மொழியில் சிறு எழுத்தும் தெரிந்தால் அது நூறாண்டைத் தொட்ட கல்லச்சாக இருக்கலாம். கண்ணாடியைக் கழற்ற வராவிட்டால் வலுக்கட்டாயமாகப் பிரிக்காமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒளிப்படம் எடுத்துவையுங்கள். புதுப் படமோ பழைய படமோ, பின்புறத்தில் பென்சிலால் சில செய்திகளை எழுதுங்கள்: மூல ஓவியத்தின் பெயர், ஓவியர், வாங்கிய ஊர், மந்திரித்த நாள், முதலில் மாட்டிய வீடு. பேனா மை தாளில் ஊறி முன்பக்கம் தெரியும். பென்சில் எழுத்து நிற்கும்.